துடைத்துக் கொடுப்போம்



அக்காள் படித்த புத்தகத்தைத் தங்கை படிப்பது நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இன்று அவ்வரிசையில் கணனியும் சேர்ந்துவிட்டது. ‘விண்டோஸ் 10’ மென்பொருளுக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. ஆதலின், பழைய கணனிகள் பல கைமாறும் காலம் இது. உன்னிச்சை மாணவர்க்கு அவை பேருதவியாகும். மனமுவந்து கொடுப்போம். ஆனால், அதனுள் இருப்பது எது என்பதையும் அறிந்து கொடுப்போம்.

ஒரு சங்கத்தின் கணனியில் அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கம் இருக்கும். கமக்காரரின் கடன் விபரமும் நம் சகோதரிகளின் படங்களும் இருக்கும். ‘அழித்துவிட்டோம்’ என்கிறோம். உண்மையில் அழிந்தது யாது? புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தோம். பக்கங்கள் அப்படியே உள்ளன. கோரையின் தலையை அரிந்துவிட்டுக் களை ஒழிந்தது என்று மகிழும் உழவன் உண்டோ? கிழங்கு மண்ணுக்குள் இருக்கின்றதன்றோ!

அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவர் இருவர் பாவித்த வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்தனர். அவற்றுள் இயங்கியவை 129. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. எஞ்சியவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்கள் கிடைத்தன. 2003இல் வெளியான இவ்வாய்வின் பின்னரும் உலகம் விழித்ததா? பழைய கணனிகளைச் சரிவரத் துடைக்காமல் அகற்றியதற்காக ‘மோர்கன் ஸ்ரான்லி’ என்னும் பெருநிறுவனம் 2022இல் 3 கோடியே 50 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. அதே ஆண்டில் நம் நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

செய்யவேண்டியது யாது? முதலில், வேண்டியவற்றை வேறொரு தட்டிற் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். அடுத்து, மின்னஞ்சல் முதலிய கணக்குகளிலிருந்து வெளியேறுதல் வேண்டும். பின்னர், வீட்டுக் கணனியாயின் விண்டோஸின் ‘ரீசெற்’ வசதியில் எல்லாவற்றையும் நீக்குவதோடு ‘கிளீன் டேற்றா’ என்னும் தெரிவையும் சேர்த்தல் வேண்டும். இதற்குப் பல மணி நேரம் செல்லலாம், பொறுத்திருப்போம். பிறர் விபரங்கள் நிறைந்த சங்கக் கணனியாயின், சுழலும் வன்தட்டு முழுவதிலும் புதிதாக எழுதி மூடும் மென்பொருளைப் பயன்படுத்தல் வேண்டும். இக்காலத் தட்டுகளுக்கு ஒருமுறை எழுதினாலே போதும். எஸ்.எஸ்.டி. வகைக்கு அது போதாது; அதனைச் செய்த நிறுவனம் தரும் அழிப்புக் கட்டளையே வேண்டும். இயங்காத தட்டையோ கழற்றி எடுத்து, உள்ளிருக்கும் வட்டுகளை உடைத்தல் வேண்டும், எஸ்.எஸ்.டி. ஆயின் அதன் சிப்புகளை நொறுக்குதல் வேண்டும்.

அன்பர்களே! நம் பொருளை நாம் தானம் செய்யலாம். நம்மை நம்பி அயலவர் ஒப்படைத்த இரகசியம் நம் பொருளன்று. அதைத் தானம் செய்ய நமக்கு உரிமை ஏது? ஏடு தொடக்கும் பிள்ளையின் முன் நாம் பரப்புவது எழுத்தில்லாத அரிசி. அவ்வாறே, மாணவன் கையில் நாம் கொடுக்கும் கணனியும் அவன் எழுதுவதற்கெனவே வெறுமையாய் இருக்கட்டும்.