கடலோரக் காடும் நம்ம வேகவதியும்



கண்டுணர் பயணமா பிச்சாவரம் போய் வந்தவங்க எல்லாரும் படகைப் பற்றித்தான் பேசுறாங்க. நான் அங்கே வெட்டியிருக்கிற வாய்க்காலைப் பற்றிச் சொல்றேன்.

நம்ம ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மாமரம் தல விருட்சம். சிதம்பரத்துக்குத் தில்லை. அந்தத் தில்லையும் சுரபுன்னையும் பிச்சாவரத்தில், கடல் தண்ணி ஏறி இறங்குற சேற்றில் வளருது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர். 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து அந்தக் காட்டைப் பகுதி பகுதியா மொட்டையா வெட்டியிருக்காங்க. வெயில் பட்டு மண் இறங்கி, தாம்பாளம் மாதிரி பள்ளமாயிடுச்சு. உள்ளே வந்த கடல் தண்ணி வெளியே போகாம நின்னு சுண்டி, உப்பு ஏறி, கன்று பிழைக்கலை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் மாதிரி நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் கிளை வாய்க்கால்னு வெட்டினாங்க. தண்ணி வந்து போச்சு, நட்ட கன்றும் பிழைச்சது. 2004 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்களில் சேதம் குறைவு.

ஆனா கன்று நட்டு போட்டோ எடுத்ததோட வேலை முடியலைங்க. வாய்க்கால் தூர்ந்தா பழையபடி உப்புதான். பார்த்துக்கிட்டே இருக்கணும், தூர் வாரணும்.

இப்போ உலகம் முழுக்கக் கடல் மட்டம் வருஷத்துக்கு 3, 4 மில்லிமீட்டர் ஏறுது. ரெண்டு அரிசி தடிமன்தான். பத்து வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க, வட்டிக் கணக்கு நமக்குத் தெரியாததா! ஆறு கொண்டு வர்ற வண்டலை வேரில் பிடிச்சு, அந்தக் காடும் கூடவே உயரும். வண்டல் வரலைன்னா மூழ்கும். பின்னாடி நகரலாம்னா ரோடும் கரையும் மறிக்குது.

"காஞ்சிபுரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?"னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். வேகவதி பாலாற்றில் சேருது, பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் பக்கம் கடலில் சேருது. மணலை இங்கேயே அள்ளிட்டு, குப்பையையும் சாயத்தண்ணியையும் அனுப்பினா முகத்துவாரத்துக்கு என்ன போய்ச் சேரும்?

அதனால ஒரு கோரிக்கை. வேகவதிக் கரையோரக் குழுக்கள் மாசம் ஒரு தடவை, அமாவாசைன்னு வச்சுக்கலாம், ஆற்றைப் போய்ப் பார்க்கணும். தண்ணி ஓடுதா, என்ன நிறம், எங்கே அடைப்பு, யார் மண் அள்ளுறாங்கன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். ஒரு வருஷம் எழுதினா கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுக்க நம்ம கையில் கணக்கு இருக்கும். எங்க குழு வர்ற அமாவாசைக்கே ஆரம்பிக்குது.