இறங்கிப் பின் ஏறும் வழி



மலைமீது செல்பவன் முதலில் ஏறுகிறான். களைத்த பின் இறங்குகிறான். களைப்பு மிகுந்தால் பாதி வழியில் திரும்பிவிடலாம். இறக்கம் அவனுக்குத் துணை செய்யும். ஆழ்ந்த பள்ளத்தாக்கிலோ இம்முறை தலைகீழாகிறது. அங்கே முதலில் இறங்க வேண்டும். கால் ஓய்ந்த பின்னரே ஏற வேண்டும். இவ்வேறுபாட்டை நான் நேரில் உணர்ந்தது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்து உண்டாக்கிய கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கில்.

அதன் நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் 1,800 மீட்டருக்கும் மேல். 1919-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வழிகாட்டி ஒருவருடன் செல்லும் சிறு குழுவில் நானும் சேர்ந்து, அதன் தென்விளிம்பை அடைந்தேன். பைன் மரங்களுக்கிடையே சமதரையில் நடந்துகொண்டிருந்தோம். முன்னறிவிப்பு ஏதுமின்றித் தரை முடிந்துவிட்டது! எதிரே செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி அடுக்கிய பாறைச் சுவர்கள், கீழே நிழல். அத்துணைப் பள்ளத்தையும் அறுத்த ஆறு, நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கே புலப்படவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ‘பிரைட் ஏஞ்சல்’ என்னும் பாதையில் இறங்கினோம். ஹவாசுபாய் என்னும் பழங்குடியினர் பல தலைமுறைகளாக நடந்து பழகிய தடத்தை ஒட்டி அமைந்த பாதை அது. வழிகாட்டியாக வந்த அம்மையார் நிலவியல் பயின்றவர். அவர் எதையும் முதலிலேயே சொல்லிவிடுவதில்லை; கேள்வி கேட்டு எங்களையே சொல்ல வைத்தார். பல்லாண்டு ஆசிரியப்பணி ஆற்றிய எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மேற்பாறையைக் காட்டி, “இதில் என்ன காண்கிறீர்கள்?” என்றார். உற்றுநோக்கினோம். சிப்பிகளின் அடையாளங்கள் தெரிந்தன. அப்படியாயின், கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிக உயரத்திலுள்ள அந்த விளிம்பு, ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாய் இருந்தது என்பது விளங்கிற்று.

சற்றுக் கீழே வெளிறிய மணற்பாறை. அதில் சாய்வான கோடுகள். அவை காற்று குவித்த மணல்மேடுகளின் சுவடுகள். அம்மணலில் நடந்த விலங்குகளின் அடித்தடங்களும் அந்தப் பாறையில் பதிந்துள்ளன. அதற்கும் கீழே சிவந்த களிமண் பாறைகள். பின்னர் 34 கோடி ஆண்டு மூத்த செஞ்சுவர்ச் சுண்ணப்பாறை. பெயர் செஞ்சுவரே ஆயினும் அதன் இயல்பான நிறம் சாம்பலே. மேலுள்ள பாறைகளின் இரும்புச்சத்து மழைநீரில் வழிந்து அதைச் சிவப்பாக்கியிருக்கிறது.

அடித்தளத்தில் இருண்டு கிடக்கும் பாறைக்கு வயது 170 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அதன் பெயர் என்ன தெரியுமா? விஷ்ணு! கிளாரன்ஸ் டட்டன் என்னும் நிலவியலறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் இங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்றெல்லாம் பெயரிட்டார். பாறைக்கும் அப்பெயர் வந்து சேர்ந்தது. அதன்மேல் அமர்ந்த மணற்பாறைக்கோ வயது ஏறத்தாழ 50 கோடியே. இடைப்பட்ட 120 கோடி ஆண்டுகளின் பாறைகள் பல இடங்களில் அடியோடு இல்லை. அவை தேய்ந்து கரைந்துபோயின. அறிஞர்கள் அவ்விடத்தைப் ‘பெரும் இடைவெளி’ என்றே குறித்து வைத்துள்ளனர். பாறைகள் இவ்வளவு பழையனவாயினும், ஆறு இப்பள்ளத்தை அறுக்க எடுத்த காலம் 50, 60 இலட்சம் ஆண்டுகளே என்பது பெரும்பாலோர் கருத்து.

4.8 கிலோமீட்டர் நடந்து, 600 மீட்டருக்கு மேல் இறங்கி, ஓர் ஓய்விடத்தை அடைந்தோம். கீழே பசுமையான மரச்சோலை ஒன்று தெரிந்தது. அக்காலத்தில் ‘இந்தியன் கார்டன்’ எனப்பட்ட அதற்கு, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பழங்குடியினரை நினைவுகூர்ந்து, 2022-இல் ‘ஹவாசுபாய் கார்டன்ஸ்’ எனப் பெயர் மாற்றினர். எங்களுடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், “இன்னும் இரண்டரைக் கிலோமீட்டர்தானே, போய்வரலாமே!” என்றார். அவர் முகத்தில் களைப்பின் சாயலே இல்லை.

அம்மையார் மறுக்கவில்லை, மூன்று கேள்விகள் கேட்டார். குடுவையில் எவ்வளவு நீர் எஞ்சியுள்ளது? இறங்க எவ்வளவு நேரமாயிற்று? ஏறுவதற்கு அதைப்போல் இரு மடங்கு ஆகுமென்றால், விளிம்பை அடையும்போது மணி என்ன? இளைஞர் கணக்கிட்டுப் பார்த்தார். பிறகு தாமே பையை எடுத்துத் தோளில் மாட்டி, மேல்நோக்கித் திரும்பி நின்றார். கோடையில் பள்ளத்தின் அடியில் நிழலிலேயே வெப்பம் 40 பாகையைத் தாண்டும் என்றும், ஆண்டுதோறும் மீட்கப்படுவோருள் நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களும் உளர் என்றும் அம்மையார் பின்னர்க் கூறினார். இறங்கும்போது உடல் எச்சரிக்காது என்பதே காரணம்.

இறங்க இரண்டு மணி நேரம்; ஏற ஏறத்தாழ நான்கு மணி நேரம். வழியில் நீர் தீர்ந்து, பாறை நிழலில் பேச்சின்றி அமர்ந்திருந்த இருவரைக் கண்டோம். எங்கள் நீரையும் உப்பிட்ட கடலையையும் பகிர்ந்து, அவர்கள் தேறிய பின்னர் உடன் அழைத்துச் சென்றோம். எங்களிடம் நீர் மிஞ்சியிருந்ததற்கு அந்த மூன்று கேள்விகளே காரணம்.

1869-இல் இப்பள்ளத்தாக்கினூடே படகுகளில் சென்று ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல் ஓர் ஆசிரியர். போரில் வலக்கையை இழந்தவர். தொடக்கத்திலேயே ஒரு படகு உடைந்தது. உடைந்த படகிலிருந்து அவர் மீட்கத் துடித்தவை, உயரத்தை அளக்கும் காற்றழுத்தமானிகள்! பத்துப் பேருடன் தொடங்கிய பயணத்தை ஆறு பேரே முடித்தனர். அத்தனை இடருக்கிடையிலும் அவர் அளப்பதை நிறுத்தவில்லை.

மாணவ நண்பர்களே! துணிவு வேண்டாமென்று நான் சொல்லவில்லை; துணிவின்றி எவரும் அங்கே முதலடி வைக்க இயலாது. ஆனால் எளிதாய் இறங்கும் வழி எதுவாயினும், திரும்பி ஏறுவதற்கான நீரும் நேரமும் வலிமையும் கையிலுண்டா என்பதைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பாருங்கள். அக்கணக்கைப் பிறர் போட்டுத் தரும்வரை காத்திராமல், நீங்களே போடப் பழகுங்கள்.