காரிலுள்ள வழிகாட்டிப் பெட்டி பழுதா?



ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பல கார்களில் நம் தமிழ் வானொலி கேட்காது. காரும் ஒலிபெருக்கிகளும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் கோலாலம்பூர் வட்டாரத்தில் 96.3-இல் ஒலிக்கும் மின்னல் எஃப்.எம். அதில் வராது. 'கெட்டுவிட்டது' என்று பட்டறைக்குப் போனால், முழுப் பெட்டியையும் கழற்றிவிட்டு வேறொன்று பூட்டச் சொல்வோரும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்தில் வேலை பார்த்து, மாதத் தவணை கட்டி, இத்தகைய 'ரீகோண்ட்' வண்டிகளை வாங்குகிற காலம் இது. வேண்டாத செலவு அவர்கள் தலையில் விழலாமா? ஆகவே அந்தப் பெட்டியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

காரில் வரைபடம் காட்டும் கருவியை ஹோண்டா நிறுவனம் 1981-இலேயே செய்துவிட்டது. அதற்குச் செயற்கைக்கோள் உதவி கிடையாது. செயற்கைக்கோளின் துணையோடு வழிகாட்டும் பெட்டியை மாஸ்டா நிறுவனம் 1990-இல் தன் காரில் பொருத்தியது. இன்றைய பெட்டியிலோ வரைபடம், வானொலி, தொலைக்காட்சி, பின்பக்கக் கேமராவின் படம் எல்லாம் ஒரே திரையில் அடங்கிவிடுகின்றன.

செயற்கைக்கோள்கள் எல்லா நாட்டுக்கும் பொதுவானவை. ஆகையால் கார் ஈப்போவில் நின்றாலும் சிரம்பானில் நின்றாலும், தான் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைப் பெட்டி சரியாகவே கணக்கிடும். ஆனால் அதற்குள் இருப்பவை ஜப்பான் நாட்டுச் சாலைகள் மட்டுமே. மாணவன் கெட்டிக்காரன்தான், கையிலிருக்கும் புத்தகம் வேறு நாட்டுப் புத்தகம். திரை வெறுமையாகத் தெரிந்தால் அது பழுதன்று. கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதும் பழுதன்று, அது ஜப்பான் நேரம். தொலைக்காட்சி வராததற்கும் காரணம், அந்நாட்டு டிஜிட்டல் ஒளிபரப்பு முறை வேறு, நம் நாட்டு முறை வேறு என்பதே. வழி தெரிய வேண்டுமானால் கைத்தொலைபேசி போதும்.

காரை முடுக்கியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். இயந்திரத்தில் கோளாறு என்று எச்சரிப்பதாகச் சிலர் பயந்துபோகிறார்கள். 'ஈ.டி.சி.' என்ற சொல் காதில் விழுந்தால் பயம் வேண்டாம். ஜப்பானில் 2001 முதல் நெடுஞ்சாலைக் கட்டணத்தை நிற்காமல் செலுத்தும் கருவி அது. 'அட்டை செருகப்படவில்லை' என்பதுதான் அந்த அம்மணி தரும் செய்தி!

இனி வானொலிக்கு வருவோம். ஜப்பானில் முன்பு 90 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டிருந்தது. எனவே பண்பலை வானொலிக்கு 76 முதல் 90 வரை ஒதுக்கினார்கள். பிற்காலத்தில் 95 வரை நீட்டினார்கள். நம் 96.3 அதற்கும் சற்று அப்பால் நிற்கிறது. இதற்குப் பரிகாரமாக 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்னும் சிறு கருவி உண்டு. ஏரியல் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே அதை இணைப்பார்கள். அது செய்வது வெறும் கழித்தல் கணக்கு. 20-ஐக் கழிக்கும் கருவியானால் 96.3 என்பது 76.3 ஆகிவிடும். பெட்டியில் 76.3-ஐ வைத்தால் நம் நிகழ்ச்சி கேட்கும். ஆனால் 96-க்குக் கீழே உள்ள நிலையங்கள் 76-க்கும் கீழே போய்விடுவதால் அவை கிடைக்கமாட்டா. 12-ஐக் கழிக்கும் கருவியில் 96.3-ஐ 84.3-இல் கேட்கலாம். அதிலோ, 90 வரை மட்டுமே உள்ள பெட்டியானால், 102-க்கு மேற்பட்டவை கிடைக்கமாட்டா. ஆகவே வாங்கும்போதே 'இது எத்தனையைக் கழிக்கும்?' என்று கேளுங்கள். நேற்றுவரை பாடிய வானொலி இன்று எல்லா எண்களிலும் இரைச்சலாக இருந்தால், இந்தச் சிறு கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் வயர் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவும் பழுதில்லாத பழுதுகள். உண்மையான தொல்லை பேட்டரி மாற்றும் நாளில் வருகிறது. பல பெட்டிகள், மின்சாரம் ஒரு முறை அறுந்தாலே, மறுபடி இயங்குவதற்கு வரைபடத் தட்டையோ வரைபட அட்டையோ கேட்கும். அது கிடைக்காவிட்டால் வானொலிகூட வராது. 'ஜப்பான் வரைபடம் நமக்கு எதற்கு?' என்று அந்த அட்டையை உருவி எறிந்தவர்கள் பிறகு தேடி அலைகிறார்கள். வண்டியை வாங்கும்போதே அந்த அட்டை அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கைதேர்ந்த பட்டறைக்காரர்கள் பேட்டரியைக் கழற்றுமுன் வேறொரு பேட்டரியை இணைத்து, மின்சாரம் அறாமல் காப்பார்கள். அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் என்ன? சில பெட்டிகள் திருட்டுத் தடுப்புக்காக இரகசிய எண் கேட்கும். கண்டபடி எண்களை அழுத்தாமல், திரையில் தெரிவதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள். எழுத்து ஜப்பானியமாக இருந்தாலும், படத்திலுள்ள எழுத்தை மொழிபெயர்த்துக் காட்டும் வசதி இப்பொழுது தொலைபேசியிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

திரை கறுத்துப்போனால், ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். ஒலி வந்தால் பெட்டிக்கு மின்சாரம் வருகிறது, பழுது திரைப் பக்கம் என்று கொள்ளலாம். ஒலியும் இல்லையென்றால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். எரிந்திருந்தால், அதே ஆம்பியர் எண்ணுள்ளதைத்தான் போட வேண்டும். பெரிய எண்ணுள்ளதைப் போட்டால் வயர் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமுண்டு. புதியது மறுபடியும் எரிந்தால் மூன்றாவதைப் போடாதீர்கள், வயர்காரரிடம் காட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பெட்டியை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஸ்டீயரிங்கிலுள்ள பொத்தான்களும் பின்பக்கக் கேமராவும் புதிய பெட்டியில் வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நம் வீட்டு வாசல்களில் வண்டிக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடுகிறார்கள். வேலை முடிந்ததும், ரிவர்ஸ் கியரைப் போட்டுக் காட்டச் சொல்லி, திரையில் பின்பக்கம் தெளிவாகத் தெரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.