சாண எரிவாயுவைச் சலிக்க முடியுமா?

"சாண எரிவாயு அடுப்பில் நல்லா எரியுது. ஆனா டீசலோட சேர்த்து எஞ்சினுக்கு விட்டா இழுவை குறையுது, பாகங்களும் அரிச்சுப் போகுது. வாயுவைச் சுத்தம் பண்ணச் சல்லடை உண்டா?" என்று கேட்கிறீர்கள். உண்டுங்க. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

சாண வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்குதான் மீத்தேன். எரிவது அதுதான். மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு. அது எரியாது, இழுவையைக் குறைக்கும். கொஞ்சம் நீராவியும், அழுகின முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயுவும் உண்டு. இரும்பையும் பித்தளையையும் அரிப்பது இந்தக் கந்தக வாயுதான்.

கரியமில வாயுவைப் பிரிக்க, நடுவே குழலாக உள்ள மெல்லிய இழைகள் இருக்கின்றன. இவற்றைக் கண்ணாடியிலும் செய்யலாம். போரான் கலந்த கண்ணாடியைக் குழல் இழையாக இழுத்து, சூடேற்றி, அமிலத்தில் ஊறவைத்தால் போரான் பகுதி கரைந்துவிடும். சுவர் முழுக்க நுண்துளைகள் விழும். கரியமில வாயுத் துகளின் குறுக்களவு 0.33 நானோமீட்டர், மீத்தேன் துகள் 0.38. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.) துளைகள் அந்த அளவுக்கு நுணுக்கமாக இருந்தால், சின்னது சுவர் வழியே வேகமாக வெளியேறும். மீத்தேன் மறுமுனைக்கு வந்து சேரும். இன்று பெரிய ஆலைகளில் ஓடுபவை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைகள்.

இந்தச் சல்லடை நம் வீட்டுக்கு ஆகுமா? ஆகாதுங்க. லாரி டயரில் இருப்பதைவிட அதிக அழுத்தத்தில் வாயுவைத் தள்ளினால்தான் நன்றாகப் பிரியும். மிதக்கும் டிரம் கலனில் உள்ள அழுத்தம் சுமார் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் உயரம்தான். அழுத்தும் இயந்திரம் வாங்கினால் செலவு வரவை மிஞ்சிவிடும்.

ஆனால் அந்த ஆலைக்காரர்களும் ஈரத்தையும் கந்தக வாயுவையும் நீக்கிய பிறகே வாயுவை இழைக்குள் விடுகிறார்கள். அந்த இரண்டு வேலையை நாமும் செய்யலாம்.

ஒன்று: குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிக்கும் குழாய் வையுங்கள். தேங்கின தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

இரண்டு: லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருளைத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க வையுங்கள். அகலமான பிளாஸ்டிக் குழாயில் நிரப்பி, வாயுவை அடியில் விட்டு மேலே எடுங்கள். கந்தகம் துருவோடு சேர்ந்து கறுத்துப் போகும். கறுத்தவுடன் வால்வை மூடிவிட்டு மாற்றுங்கள். பழைய சுருள் காற்றுப்பட்டால் சூடேறும். வைக்கோல் போர், கூரை பக்கம் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாற்றம் இல்லையே என்று நம்பிக் கலனுக்குள் யாரும் இறங்க வேண்டாம். கந்தக வாயு அதிகமானால் மூக்கே மரத்துப் போகும். ஒருவர் விழுந்தால், காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். எஞ்சின் போனால் வாங்கிக்கொள்ளலாம். உயிரை வாங்க முடியாதுங்க.