கேட்பதா, பார்ப்பதா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர். அது என்ன தொழில் என்று என் அம்மாவுக்கே இன்னும் விளங்கவில்லை! கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஜனங்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வது. 'பயனர் அனுபவ ஆய்வு' என்று பெயர். அதில் நான் பண்ணிய தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

ஓய்வூதியம் வாங்குவோர் வருஷம் ஒருமுறை உயிர்வாழ் சான்று தரவேண்டும். தராவிட்டால் பணம் நின்றுவிடும். வீட்டிலிருந்தே செல்போனில் முகத்தைக் காட்டி அதைத் தரும் செயலி ஒன்றில் வேலை பார்த்தேன். "எளிதாக இருந்ததா?" என்று செயலியிலேயே கேட்டோம். பெரும்பாலோர் 'ஆம்' என்றார்கள். நாங்களும் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடினோம்.

அந்த வாரமே, நமக்குக் கணக்கு நடத்திய சார் போன் பண்ணினார். "தம்பி, நான் உசுரோடதான் இருக்கேன். உன் மிஷின் நம்ப மாட்டேங்குதே!"

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "நான் வாய் திறக்க மாட்டேன் சார், நீங்க பண்ணுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். 'கண்ணாடியைக் கழற்றவும்' என்றது திரை. கழற்றினார். அடுத்த கட்டளை பொடி எழுத்தில் வந்தது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. மாட்டிக்கொண்டு படித்தார், செயலி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இப்படி நாலு தடவை. கடைசியில், "எனக்குத்தான் வயசாயிடுச்சுப்பா" என்று போனைக் கீழே வைத்தார். தப்பு எங்களுடையது, பழியை அவர் சுமந்தார்.

எங்கள் கேள்வி, வேலையை முடித்தவர்களுக்கு மட்டுமே திரையில் வரும். முடிக்க முடியாதவர்கள் எங்கள் கணக்கிலேயே இல்லை!

"என்ன கேட்டிருக்கான்னு முதல்ல படி, அப்புறம் பேனாவைத் தொடு" என்பார் சார், வகுப்பில். எங்கள் தொழிலுக்கும் அதுதான் சூத்திரம். எத்தனை பேர், எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று தெரியவேண்டுமா? செயலி தானாகக் குறித்து வைக்கும் பதிவுகளை எண்ணுங்கள். ஏன் நிற்கிறார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். என்ன நினைக்கிறார்கள்? கேளுங்கள். இரண்டு வடிவங்களில் எது மேல்? சிலருக்கு ஒன்று, சிலருக்கு மற்றது கொடுத்து ஒப்பிடுங்கள்.

ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே குறைகளில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஆனால் ஐவரும் வாலிபர்களாக இருந்தால் சாரின் கண்ணாடி நம் கண்ணில் படாது. ஐந்து பேரை வைத்து 'நூற்றுக்கு இத்தனை பேர்' என்று கணக்குச் சொல்வதும் கூடாது.

ஆள் கூடினால் மட்டும் போதாது. 1985இல் அமெரிக்காவில் கோக்கோ கோலா, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்த்துப் புதுச் சுவையைக் கொண்டுவந்தது. நாக்கின் ருசியை அளந்தார்கள். பழையதின்மேல் ஜனங்களுக்கு இருந்த பாசத்தை அந்தச் சோதனை அளக்கவில்லை. ஏப்ரலில் புதுசு வந்தது; ஜூலையில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

எங்கள் செயலி இப்போது கட்டளைகளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்கிறது. சார் யார் துணையும் இல்லாமல் சான்று தருகிறார். இதோ, முன்வரிசையில் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். அன்று பக்கத்தில் உட்காரவிட்டதற்கு, சார், உங்களுக்கு நன்றி.