"நீங்க என்ன ஆளுங்க?"

(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் லோரி ஓட்டுபவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் மகள் மூன்றாம் ஆண்டு படித்தபோது, பள்ளித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டிக் கொண்டிருந்தார்கள். திடீரென்று என் மகள் அவளிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டாள். "தமிழ் ஆளுங்க" என்றது அந்தப் பிள்ளை. "அது தெரியும். அதுக்குள்ள என்ன?" என்றாள் என் மகள்.

ஒன்பது வயது! யார் சொல்லிக் கொடுத்தது? எந்த ஆசிரியரும் இல்லை. நம் அடையாள அட்டையில் சாதிக்கு இடமே கிடையாது. முதல் வாரம் என் அக்கா மகனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு எங்கள் வீட்டில் நடந்தது. படிப்பு, வேலை, குணம் எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் நான் கேட்ட கேள்வி அதுதான். மகள் தொலைக்காட்சி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் ஒரு சோதனை நடத்தினார்கள். 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம், நிறத்தில் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, "எது நல்ல பொம்மை?" என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் குறிப்பிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அதை ஊட்டியது ஊரும் சட்டமும். நம் வீட்டில்? பிறந்த குழந்தையின் காதைப் பார்த்து நிறம் சொல்வது யார்?

வாடகை வீடு தேடினால் 'இந்தியர்களுக்கு இல்லை' என்கிறார்கள். வயிறு எரிகிறது. பஸ்ஸில் பங்களாதேசத் தொழிலாளி பக்கத்தில் உட்கார்ந்தால், அதே நாம் பிள்ளையை இந்தப் பக்கம் இழுத்துக் கொள்கிறோம். வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளைக்கு அந்த இழுப்பே போதும். "ஏம்மா?" என்று கேட்டால், "பெரியவங்க செஞ்சா காரணம் இருக்கும், சும்மா இரு" என்கிறோம். கேள்வி அதோடு நின்று போகிறது, வெறுப்பு மட்டும் தங்கி விடுகிறது.

பெரியார் 1929இலும் 1954இலும் இந்த மண்ணுக்கு வந்து போனவர். அவர் படம் மாட்டிய தோட்டத்து வீட்டில் வளர்ந்தவன் நான். இப்போதும் என் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் "என்ன ஆளு?" என்று கேட்டேன்.

அன்றிரவு மகளிடம், "அப்பா கேட்டது தப்பும்மா" என்றேன். அவள் விடவில்லை. "அப்ப அந்த அக்காவையே மாமாவுக்குக் கட்டி வைக்கலாம்தானே?" என்றாள். வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். கல்யாணம் நடந்தது. அக்கா மட்டும் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மகளின் தோழியும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.