இரும்புக் குண்டும் பயிற்சி முறையும்

ருஷ்ய நாட்டுச் சந்தைகளில் முற்காலத்தில் தானியம் நிறுப்பதற்கு இரும்பாலான எடைக்கற்களைப் பயன்படுத்தினர். கையால் தூக்கித் தராசுத் தட்டில் வைப்பதற்கு வசதியாக, ஒவ்வொன்றின் மேலும் வளைந்த பிடி ஒன்றைச் சேர்த்து வார்த்திருந்தனர். அதற்குக் 'கீர்யா' என்று பெயர். அந்நாட்டுப் பழைய அளவையில் ஒரு 'பூத்' என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 16.4 கிலோ. சந்தை கலைந்த பின்னர் இளைஞர்கள் அதே எடைக்கல்லைத் தலைக்குமேல் உயர்த்தித் தம் வலிமையைக் காட்டினர் என்பர். நிறுக்கும் கருவி இவ்வாறு பயிலும் கருவியாயிற்று. இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் 'கெட்டில்பெல்' என வழங்குவது இதுவே. 16, 24, 32 கிலோ என்னும் அளவுகளில் இவை பெரிதும் கிடைப்பதன் காரணமும் இப்போது விளங்கும்: அவை ஒரு பூத்து, ஒன்றரைப் பூத்து, இரண்டு பூத்து.

இக்குண்டைக் கொண்டு முறையாகப் பயிலும் வழக்கத்துக்கு உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து மருத்துவர் விளதிஸ்லாவ் கிரயெவ்ஸ்கி. 1885ஆம் ஆண்டில் அவர் அந்நகரில் எடை தூக்குவோர் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் மல்யுத்தத்தில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் இவரிடம் பயின்றவரே. நூறு ஆண்டுகள் சென்றபின், 1985இல், லிப்பெட்ஸ்க் நகரில் சோவியத் நாட்டின் முதல் கீர்யா வாகைப் போட்டி நடைபெற்றது. மின்ஸ்க் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பாவெல் சாட்சுலின் 2001இல் வெளியிட்ட நூல், இக்கருவியை மேலை நாடுகளில் பரப்பியது. வரலாறு இவ்வளவு போதும். இன்று நான் பேச வந்தது கருவியைப் பற்றியதன்று. அதனோடு அச்சிட்டு வழங்கப்பெறும் பயிற்சித் திட்டங்களைப் பற்றியது.

மாணவ நண்பர்களே, இத்தகைய திட்டங்களை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். இன்ன நாள், இன்ன பயிற்சி, இத்தனை முறை, இவ்வளவு ஓய்வு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். அவற்றைக் கையாளுவோரில் இரு திறத்தாரைக் காணலாம். ஒரு திறத்தார், எழுதியதை எழுதியவாறே முதல் நாளிலேயே விழுங்கிவிடத் துணிவர். மற்றொரு திறத்தார், திங்கட்கிழமை ஒரு திட்டத்தைத் தொடங்கி, அடுத்த திங்களன்று அதில் நான்கு மாற்றம் செய்து, அதற்கடுத்த வாரம் வேறொன்றுக்குத் தாவுவர். இருவரும் எதிரெதிர்த் திசையில் நடப்பவர்போல் தோன்றினாலும், வந்து விழும் குழி ஒன்றுதான். திட்டம் யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை.

முதல் திறத்தாருக்கு நேரக்கூடிய கேடு சிறிதன்று. பழக்கமில்லாத உடல், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை பளுவை வீசினால், தசை நார்கள் அளவு மீறிச் சிதைந்து, அவற்றினின்று வெளிப்படும் பொருள்கள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். பயின்ற ஓரிரு நாளில் தாங்கவொண்ணாத தசை வலியும் வீக்கமும் தோன்றிச் சிறுநீர் கறுத்த தேநீர் நிறமாக இறங்குமாயின், அது 'நல்ல பயிற்சியின் வலி' என்று வீட்டில் படுத்திருக்கத் தக்கதன்று. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெப்பமும் நீர் குறைவும் இவ்வாபத்தை மிகுவிக்கும். குளிர்நாட்டு ஆசிரியர் எழுதிய திட்டத்தைச் சித்திரை மாதத்துப் பிற்பகலில் தகரக் கூரையின்கீழ் அப்படியே செய்ய முற்படும் இளைஞர் இதனை நினைவில் வைப்பாராக.

இரண்டாம் திறத்தாருக்கு நேர்வது வேறு வகை இழப்பு. புதிதாகப் பயிலத் தொடங்கிய முதற் சில வாரங்களில் வலிமை விரைந்து வளர்வதைக் காண்கிறோம். அப்போது தசை அவ்வளவாகப் பருத்துவிடவில்லை. இருக்கின்ற தசையை ஒருங்கே இயக்குவதற்கு நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. தசையின் வளர்ச்சி மெல்லப் பின்தொடர்கிறது. எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாண்களோ அதனினும் மெதுவாகவே உறுதிப்படுகின்றன. ஆதலால், வாரத்துக்கு ஒரு பயிற்சியை மாற்றுகிறவர், கற்றுக்கொள்ளும் செலவை மட்டும் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார். கற்றதன் பயனை அறுவடை செய்வதற்கு முன் வயலை மாற்றிவிடுகிறார். எட்டு வாரமேனும் ஒரே திட்டத்தைத் தொடராமல் அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது முறையாகாது என்பது என் கருத்து.

அங்ஙனமாயின், ஒரு திட்டத்தை மாற்றவே கூடாதா? கூடும், சில வேளை மாற்றியே ஆக வேண்டும். அதற்குக் காரணம் இக்கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. தண்டின் இரு புறமும் தட்டுகளைச் சேர்த்துத் தூக்கும் முறையில், ஒன்றிரண்டு கிலோவாக எடையைக் கூட்டிக்கொண்டே போகலாம். வார்த்த குண்டில் அஃது இயலாது. நம் சிற்றூர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லைப் பாருங்கள். அது எவர் பொருட்டும் எடை குறைவதில்லை. கெட்டில்பெல்லும் அவ்வினத்ததே. 16 கிலோவிலிருந்து 24 கிலோவுக்குச் செல்வது பாதிப் பங்கு எடையை ஒரே தாவலில் கூட்டுவதாகும். நேற்றுவரை நாற்பது கிலோ மூட்டை சுமந்தவனை இன்று அறுபது கிலோ சுமக்கச் சொல்வதற்கு இது ஒப்பு.

இத்தாவலைக் கடப்பதற்கு ஆசிரியர்கள் கண்ட வழி மிக நுட்பமானது. எடை மாறாதென்றால், எண்ணிக்கையை மாற்று என்பதே அது. சாட்சுலின் 2006இல் வெளியிட்ட நூலில் 'ஏணி' முறை ஒன்றை விளக்குகிறார். குண்டைத் தோளுக்கு எடுத்துத் தலைக்குமேல் தள்ள வேண்டும். வலக்கையால் ஒருமுறை, இடக்கையால் ஒருமுறை. பின்னர் இரண்டிரண்டு முறை. பின்னர் மும்மூன்று முறை. இது மூன்று படி கொண்ட ஓர் ஏணி. இத்தகைய மூன்று ஏணிகள் ஏறினால் ஒவ்வொரு கைக்கும் 18 முறை ஆகும். உடல் இடங்கொடுக்க இடங்கொடுக்க, ஏணிகளை ஐந்தாக்க வேண்டும், அப்போது 30. அதன்பின் நான்காம் படியைச் சேர்த்தால் 50. ஐந்தாம் படியையும் சேர்த்தால் 75. குண்டு அதே குண்டு. வேலையோ நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. அந்நிலையை அடைந்தவன் அடுத்த குண்டைத் தொடும்போது, அது பழைய அந்நியனாக இராது. மேலும், வாரத்தின் மூன்று நாளும் ஒரே கடுமையாக இருப்பதில்லை. ஒரு நாள் கடினம், ஒரு நாள் நடுத்தரம், ஒரு நாள் எளிது. எளிய நாளை வீண் நாளென்று கருதி அதையும் கடினமாக்கிக்கொள்ளும் ஆர்வம் இளைஞருக்கு இயல்பே. அந்த எளிய நாளில்தான் உடல் முந்தைய நாட்களின் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை.

இனி, திட்டத்தில் எது எலும்பு, எது மேற்றோல் என்று பிரித்தறிய வேண்டும். மேலே கூறிய ஏணியில் எலும்பாவன மூன்று: களைத்து விழுமுன் நிறுத்துவது, எண்ணிக்கை படிப்படியாக உயர்வது, கடினமும் எளிமையும் மாறி மாறி வருவது. கிழமைகள் மேற்றோல். காலையா மாலையா என்பதும் மேற்றோல். குறித்துள்ள எடைகூட மேற்றோலே. 16 கிலோவை இரண்டே முறை தள்ளக்கூடிய ஒருவர் அதைக் கொண்டு மூன்று படி ஏணி ஏற முயல்வது வீண். இப்போது 8, 12, 20 கிலோ போன்ற இடைப்பட்ட குண்டுகளும் கடைகளிற் கிடைக்கின்றன. 12 கிலோவை எடுத்துக்கொண்டு திட்டத்தை அவ்வாறே செய்யலாம். கையில் ஒரே குண்டுதான் உள்ளது, அதுவும் மிகக் கனம் என்றால், அதை இரு கையாலும் பற்றி வீச்சுப் பயிற்சி செய்யட்டும். தலைக்குமேல் தள்ளுவதற்குப் பதிலாகத் தண்டால் எடுக்கட்டும். தரையிற் படுத்துக் குண்டை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தவாறே எழுந்து நிற்கும் 'துருக்கிய எழுகை' என்னும் பயிற்சியை, முதலில் மூடிய கைமுட்டியின்மேல் ஒரு செருப்பை நிறுத்தி, அது விழாமல் எழுந்து பழகலாம். இதைக் கேட்டு நகைப்பவர்கள் ஒருமுறை செய்து பார்த்தபின் நகைப்பதில்லை.

எழுதியவரே தம் திட்டத்தை மாற்றிய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து இராணுவ மருத்துவமனை ஒன்றில், காயமுற்ற வீரர்களுக்குப் பளுப் பயிற்சியால் வலிமை மீட்டுக் கொடுத்தவர் தாமஸ் டிலோர்ம் என்னும் மருத்துவர். பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டறிந்து, பத்துப் பத்து முறையாக ஏழு முதல் பத்து அடுக்கு வரை செய்ய வேண்டும் என்று 1945இல் அவர் எழுதினார். மூன்றே ஆண்டுகளில், 1948இல், தம் துணைவர் வாட்கின்ஸுடன் சேர்ந்து, அது தேவைக்கு மிகை என்று கண்டு மூன்று அடுக்காகக் குறைத்தார்: முதலடுக்கு அந்த எடையில் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழு எடை. எடையை ஏற்றிக்கொண்டே போதல் என்னும் எலும்பை அவர் தொடவில்லை, அளவைத்தான் குறைத்தார். அதுவும் நோயாளிகளை நாள்தோறும் கண்டு குறித்துவைத்த பின்னரே.

நாமும் அவ்வாறே செய்யலாம். ஒரு குறிப்பேடு வாங்கி, நாள், குண்டின் எடை, எண்ணிக்கை, முந்தைய இரவு உறங்கிய நேரம், எங்கேனும் வலி உண்டா என்பவற்றை எழுதுங்கள். மாற்றம் செய்யும்போது ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எடையையும் எண்ணிக்கையையும் ஓய்வையும் ஒருங்கே மாற்றியவருக்கு, தோள் வலித்தால் எதனால் வலித்தது என்று தெரிய வழியில்லை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இவ்விதியை நன்கு கடைப்பிடிக்கும் மாணவர், பயிற்சித் திடலில் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

வீச்சுப் பயிற்சியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மிகுதியும் பிழையாகச் செய்யப்படுவது அதுவே. குண்டு கால்களுக்கிடையே பின்னோக்கிச் செல்ல, இடுப்பு மூட்டு மடங்கி, முதுகு நேராக இருக்க வேண்டும். பின் இடுப்பை விசையோடு முன் தள்ளுவதால் குண்டு மார்பளவு பறக்க வேண்டும். கைகள் கயிறு போன்றவை. தூக்குவது அவற்றின் வேலையன்று. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 16 கிலோ வீச்சின்போது கீழ் முதுகெலும்பின்மேல் விழும் விசையின் போக்கு, சாதாரணமாகப் பளு தூக்கும்போது இருப்பதற்கு மாறானதெனக் கண்டார். சிலருக்கு இப்பயிற்சி முதுகு வலியைத் தணிப்பதற்கும் வேறு சிலருக்கு அதனைக் கிளறுவதற்கும் இது ஒரு காரணமாகலாம் என்பது அவர் கருத்து. எனவே, வீச்சு எல்லோர்க்கும் மருந்து என்பாரையும், எல்லோர்க்கும் நஞ்சு என்பாரையும் ஒருசேர விலக்கிவிடலாம். இருவாரம் முறையாகச் செய்தும் கீழ்முதுகு நோகுமாயின், திட்டம் என்ன சொன்னாலும் அப்பயிற்சியை நிறுத்தி, அறிந்த ஒருவரிடம் உடல் நிலையைக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

2013இல் வெளியான மற்றொரு திட்டத்தில் ஒரு கை வீச்சு 100 முறை, துருக்கிய எழுகை 10 முறை, அவ்வளவே. வீச்சினை ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டுமென்ற குறிக்கோளைப் படித்தவர் முதல் நாளே கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்கின்றனர். அது பல மாதங்களுக்குப் பின் வரும் தேர்வு. நாள்தோறும் பயிலுகையில் கடிகாரம் வேண்டா. பத்து முறை வீசியபின், மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடியும்வரை ஓய்வெடுத்து, அடுத்த பத்தைத் தொடங்கலாம். தேர்வு மண்டபத்தையும் வகுப்பறையையும் ஒன்றாக்கிக்கொள்வோர் பயிற்சியில் மட்டுமா இருக்கின்றனர்!

பளு தூக்கினால் வளரும் பிள்ளைகளின் உயரம் குன்றும் என்ற அச்சம் பல பெற்றோரிடம் உண்டு. தக்க மேற்பார்வையில், தாங்கத்தக்க எடையில் பயிலும் சிறுவர்க்கு அவ்வாறு நேர்வதாகச் சான்றில்லை. பெண்களுக்கும் இத்திட்டங்கள் பொருந்தும். தொடக்க எடை மட்டுமே வேறுபடும்.

கடைசியாக, மாணவர்க்கே உரிய ஓர் இடையூறு. எத்தகைய நல்ல திட்டமும் பரீட்சைக் காலத்தில் முறிந்துபோகும். மூன்று வாரம் குண்டு மூலையிற் கிடக்கும். பரீட்சை முடிந்த மறுநாள், விட்ட இடத்திலேயே தொடங்கலாமென்ற எண்ணம் எழும். அவ்வாறு செய்யற்க. குறிப்பேட்டைப் புரட்டி, நிறுத்திய அளவில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து ஏணி ஏறியவர் இரண்டு ஏணி, நூறு வீசியவர் ஐம்பது. ஒருமுறை பெற்ற வலிமையை மீண்டும் பெறுவது, முதன்முறை பெற்றதைவிட விரைவில் கைகூடும். பாதியளவில் ஒரு வாரம், முக்காலளவில் ஒரு வாரம் பயின்றால், பெரும்பாலோர் மூன்றாம் வாரத்தில் பழைய பக்கத்துக்கே வந்து சேர்ந்துவிடுவர்.